மேலே ஆள் இருக்கு

பெல்ட் அண்ணனுக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று உண்டு. சட்டையில் குத்தியிருக்கும் பித்தளைத் தகட்டில் அது பளபளக்கவும் செய்கிறது. ஆனாலும் விமானத்தில் அவரோடு வேலை பார்க்கிற யாரும் அதை ஒரு நாளும் படித்ததில்லை. இருபத்து மூன்று வருடமாக, நாளைக்கு இருநூறு தரம் "பெல்ட் போட்டுக்கங்க" என்று சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தையே பெயராக ஒட்டிக்கொண்டது. கேபின் சூப்பர்வைசர் ஆன பிறகு மரியாதைக்காகப் பின்னால் ஓர் அண்ணன் சேர்ந்தது. பதவி உயர்வில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் அது ஒன்றுதான்.

செய்கிற தொழில் மனிதனை வீட்டிலும் சும்மா விடாது. அண்ணன் வீட்டுச் சமையலறையில் அலமாரிக்கு இரண்டு கொக்கி. படுக்கப் போகும் முன் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். வீடு கிளம்பிப் பறக்கப் போகிறதா என்று மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். விருந்தாளி வந்தால் கழிவறை எந்தப் பக்கம், வாசல் எந்தப் பக்கம் என்று இரண்டு விரலை நீட்டிக் காட்டுவார். கல்யாண வீட்டுக்கு வேன் பிடித்துப் போனால் தலை எண்ணாமல் வண்டியை நகர விடமாட்டார். ஒருமுறை ஒரு தலை கூடுதலாக வந்தது. பார்த்தால் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தெரியாமல் ஏறி உட்கார்ந்து, பாதி வெற்றிலையும் போட்டிருந்தார்.

இப்படி வானத்திலும் பூமியிலும் ஒழுங்கைக் கட்டிக் காத்த மனிதருக்கு ஒரே ஒரு இடத்தில் வாய் எழும்பாது. அந்த இடம் மாமனார்.

மாமனார் மின்வாரியத்தில் முப்பத்தாறு வருடம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்று. தெருவில் கரண்ட் போனால் இன்றைக்கும் வாரியத்துக்குப் போன் போகாது, அவர் வாசலுக்குத்தான் ஆள் வரும். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, மஞ்சள் கைப்பிடி போட்ட டெஸ்டர் ஒன்று கட்டாயம் இருக்கும். அவர் வீட்டு மாடியில்தான் அண்ணன் குடும்பம் குடியிருந்தது. மாடியில் இருப்பதால் தான் வீட்டோடு மாப்பிள்ளை ஆகமாட்டேன் என்பது அண்ணனின் வாதம். இந்த வாதத்தை அவரைத் தவிர யாரும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இரண்டு பேருக்கும் சண்டை ஒன்றும் இல்லை. கல்யாணமான புதிதில் மரியாதைக்காக ஒருவரோடு ஒருவர் நேரே பேசாமல் இருந்தார்கள். ஒரு வருடம் போயிற்று. இனி எந்த வார்த்தையை வைத்து ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. அப்படியே இருபத்தொரு வருடம் ஓடிவிட்டது. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துதான் இரவுச் சாப்பாடு. மாமனார் மகளைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளும்மா" என்பார். அண்ணன் மனைவியைப் பார்த்து, "போதும்னு சொல்லு" என்பார். அவள் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். அவள் வெளியூர் போகும் நாட்களில் அந்த வீட்டில் யாருக்கும் இரண்டாவது தரம் சோறு கிடைப்பதில்லை.

மாமனாருக்கு மாப்பிள்ளையின் வேலை பிடிக்கவில்லை. "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால் மேலே கையைக் காட்டி, "அவர் வானத்துல இருக்கார்" என்று மட்டும் சொல்வார். கேட்டவர் துக்கம் விசாரிக்க ஆரம்பித்த கதையெல்லாம் உண்டு. தட்டு தூக்குகிற வேலை என்று அவர் மனசுக்குள் நினைத்திருந்தது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது.

இந்த நிலையில்தான் அண்ணனின் ஒரே மகளுக்கு விமானப் பணிப்பெண் வேலைக்கு உத்தரவு வந்தது. வயது இருபது. திங்கட்கிழமைக்குள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். அப்பா மாதத்தில் பாதி நாள் ஆகாயத்தில் இருந்ததால் அவளைத் தோளில் போட்டு வளர்த்தது தாத்தா. "தாத்தா சரின்னு சொன்னாதான் கையெழுத்து போடுவேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். தாத்தாவோ, "ஒரு வீட்டுக்கு ஒரு தட்டு போதும்" என்றார்.

அழுகை, பட்டினி, கதவை அடைத்துக்கொள்ளுதல் எல்லாம் முறைப்படி நடந்தன. அம்மா பெண்ணுக்காகப் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரி பேசினாள். பெண்ணைப் பெற்ற தகப்பனுக்கு இதில் என்ன அபிப்பிராயம் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் நாலு நாளாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தார். அவருக்குச் சளி என்று நினைத்து மனைவி மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள்.

கடைசியில் மாமனாரே ஒரு வழி சொன்னார். "நேர்ல பார்க்காம கையெழுத்து போடுறவன் லைன்மேன் இல்ல. மாப்பிள்ளை போற பிளேன்ல நானும் ஒரு தடவை போயிட்டு வர்றேன். பார்த்துட்டுச் சொல்றேன்."

மனைவி அப்பாவைப் பார்த்தாள், பிறகு வழக்கம்போல் கணவன் பக்கம் திரும்பினாள். மூன்றடி தூரத்தில் காதில் விழுந்த விஷயத்தை மறுபடியும் ஒருமுறை சொன்னாள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பணியாளர் குடும்பத்துக்கென்று இருக்கும் டிக்கெட்டில், ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் மாலையில் திரும்புகிற விமானத்தில், பன்னிரண்டாம் வரிசையில் நடைபாதை ஓரமாக ஓர் இருக்கை போட்டுக் கொடுத்தார். மகளின் தலையெழுத்து அந்த இருக்கையில் வந்து உட்காரப் போகிறது என்று அவருக்குத் தெரியும்.

ஆரம்பமே சகுனம் சரியில்லை. பாதுகாப்புச் சோதனையில் மாமனாரின் டெஸ்டரை எடுத்துக்கொண்டார்கள். முப்பத்தாறு வருடமாகப் பையில் இருந்த சாமான். "இது ஆயுதமாம்! இதை வச்சு நான் யாரைக் குத்தப் போறேன்?" என்று அவர் அங்கிருந்த காவலரிடம் நியாயம் கேட்டார். சீருடையில் பக்கத்து வரிசையில் நின்ற அண்ணனுக்குப் போய் இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லி மனசு அடித்துக்கொண்டது. சொல்வதற்கு நடுவில் மனைவி இல்லை. பெட்டியின் கைப்பிடியை ஏற்றி இறக்கிக்கொண்டு நின்றார்.

காலை விமானம் ஒழுங்காகத்தான் போயிற்று. அதுதான் வினை. மாமனார் கண் கொட்டாமல் மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை தட்டு தூக்கினார். தட்டை வாங்கினார். ஒரு குழந்தை துப்பியதைத் துடைத்தார். நாலாம் வரிசையில் ஒருவன், வயதில் சின்னவன், விரலைச் சொடுக்கி, "ஏய், தண்ணி" என்றான். அண்ணன் சிரித்த முகமாகக் குனிந்து கொடுத்தார். மாமனாரின் தாடை இறுகியதை அண்ணன் பார்த்தார். போய் இறங்கிய ஊரில், திரும்பும் விமானத்துக்காகக் காத்திருந்தபோது, மாமனார் மகளுக்குப் போன் போட்டுப் பேசியது இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த அண்ணனுக்குக் கேட்கவேண்டும் என்றே பேசியதுபோல் இருந்தது.

"நாப்பத்தி ஒரு தடவை சாரி சொன்னார்ம்மா. எண்ணிக்கிட்டே வந்தேன். ஒரு தப்பும் பண்ணாம நாப்பத்தி ஒரு சாரி. நம்ம பாப்பாவுக்கு இது வேணாம். ராத்திரி வந்து பேசிக்கிறேன்."

தனக்காக அண்ணன் வருத்தப்படவில்லை. அதற்கெல்லாம் தோல் தடித்துப் பல வருடம் ஆயிற்று. கண்ணாடி முன்னால் நின்று கழுத்தில் துணி கட்டிப் பழகிக்கொண்டிருந்த மகளின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

திரும்பும் விமானம் மதியம் மூன்று மணிக்குப் புறப்பட்டது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேர். அண்ணன் முன்பக்கம். பின்பக்கத்துச் சமையல் தடுப்பில் அவரோடு பதினைந்து வருடம் பறந்த அம்மாள் ஒருத்தி. வெந்நீரைத் தவிர எதையும் குடிக்காததால் அவளுக்குச் சுடுதண்ணி என்று பெயர். நடுவில் மற்ற இரண்டு பணிப்பெண்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நாற்பதாவது நிமிடம், டீ கொடுத்து முடிக்கிற நேரத்தில், தலைக்கு மேல் இருந்த விளக்குகள் ஒரு தரம் சிமிட்டின. பிறகு மொத்தமும் அணைந்தன. வெளியே நல்ல வெயில், ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்தது. இருட்டு ஒரு பிரச்சினையாக இல்லை. சத்தம்தான் பிரச்சினை. விமானத்தில் ஓயாமல் கேட்கும் இரைச்சலில் பாதி காற்று விசிறியுடையது. அது நின்றதும் ஒரு பெரிய அமைதி வந்து இறங்கியது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேரும் ஒரே நேரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது என்று முடிவுகட்டினார்கள்.

அண்ணன் சுவரில் இருந்த போனை எடுத்தார். செத்துக் கிடந்தது. அறிவிப்பு மைக்கும் அப்படியே. பயணிகள் கூப்பிடுகிற மணிப் பொத்தானை நாலு பேர் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள், சத்தமே இல்லை. இருபத்து மூன்று வருடத்தில் அந்த மணி இல்லாத ஒரு விமானத்தை அவர் பார்த்ததில்லை. வேறு நேரமாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

விமானியறைக் கதவு ஒரு சாண் திறந்தது. கேப்டனம்மாவின் குரல் பதற்றமில்லாமல் வந்தது.

"அண்ணே, ரெண்டு ஜெனரேட்டரும் போச்சு. பேட்டரியில ஓட்டிட்டு இருக்கோம். பறக்கிறதுக்கு ஒண்ணும் ஆபத்து இல்ல. பக்கத்து ஏர்போர்ட்ல இறங்குறேன், இருபது நிமிஷம். மைக்ல சொல்ல முடியாது. எல்லாரும் உக்காந்து பெல்ட் போட்டிருக்கணும். இறங்கும்போது பிரேக் ஒரு மாதிரி இருக்கலாம், யாராவது நின்னா பறந்து வந்து என் கதவுலதான் விழுவாங்க."

அண்ணன் கேட்டதைத் திருப்பி ஒப்பித்தார். அது அவர்கள் தொழிலின் முறை. ஒரு வார்த்தை மாறக்கூடாது. "ரெண்டும் போச்சு, பேட்டரி, இருபது நிமிஷம், எல்லாரும் பெல்ட்." கதவு சாத்திக்கொண்டது.

தலைக்கு மேல் பெட்டியிலிருந்து மெகாஃபோனை எடுத்தார். அதற்குத் தனி பேட்டரி. கடைசி வரிசைக்கு அப்பால் சுடுதண்ணி ஏற்கெனவே தன்னுடைய மெகாஃபோனோடு நின்றாள். அவள் தயாரா என்று போனில் கேட்க வழியில்லை என்பதால் டார்ச்சை இரண்டு தரம் அடித்துக் காட்டினார். அவள் இரண்டு தரம் அடித்தாள். பதினைந்து வருடம் கூடவே இருந்தால் போன் எதற்கு?

"எஞ்சின் ஓடுது, பயப்பட வேணாம்!" என்று ஆரம்பித்து அண்ணன் நாலே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். விளக்குக்கான மின்சாரம்தான் போயிருக்கிறது, இருபது நிமிடத்தில் இறங்குகிறோம், எல்லாரும் உட்காருங்கள், பெல்ட் போடுங்கள். ஜனங்கள் உட்கார்ந்தார்கள். கழிவறைக்குள் கும்மிருட்டில் மாட்டிக்கொண்டு கதவை இடித்தவரைக்கூட ஒரு பணிப்பெண் வெளியே எடுத்து, அரைகுறை பொத்தானோடு உட்கார வைத்தாள். வரிசை வரிசையாகக் கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணனுக்கு அந்தச் சத்தம் காதில் தேன்.

ஒரே ஒருவர் நின்றார். பன்னிரண்டாம் வரிசை, நடைபாதை ஓரம்.

மாமனார் முழுக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டிவிட்டிருந்தார். கரண்ட் போனால் எழுந்து நிற்பது அவருக்கு முப்பத்தாறு வருடப் பழக்கம். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கே டெஸ்டர் இல்லை. வெறும் பையை இரண்டு தரம் தட்டினார். அதில் வேறு கோபம் ஏறியது.

"பார்த்தீங்களா?" என்று பொதுவாக விமானத்தைப் பார்த்துச் சொன்னார். "முதல்ல ஒரு சிமிட்டு சிமிட்டி அப்புறம் போச்சு. இது மெயின் போனது இல்ல, எங்கேயோ ட்ரிப் ஆகியிருக்கு. ஃபியூஸ் பெட்டி எங்கன்னு காட்டினா ரெண்டு நிமிஷ வேலை."

அண்ணன் வேகமாக நடந்து வந்தார். மாமனாருக்குப் பக்கத்து இருக்கையில் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் பரிட்சைத் தாள் கட்டும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு, இருபத்தொரு வருட வழக்கம் விடுமா, டீச்சர் பக்கம் திரும்பினார்.

"அம்மா, ஃபியூஸ் பெட்டி எந்தப் பக்கம்னு மாப்பிள்ளைகிட்ட கேளுங்க."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "எந்த மாப்பிள்ளை?"

அண்ணனும் டீச்சரைப் பார்த்துத்தான் பேசினார். அவருக்கும் வேறு வழி பழக்கமில்லை. "அம்மா, மாமாவைக் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க. பெல்ட் போடணும்."

"முப்பத்தாறு வருஷம் லைன்ல நின்னவன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க."

"அது எனக்குத் தெரியும்னு மாமாகிட்ட சொல்லுங்க. ஆனா இது தெருக் கம்பம் இல்லன்னும் சொல்லுங்க."

"கரண்ட் எல்லா இடத்துலயும் கரண்ட்தான்னு..."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினார். "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணரை அடி தள்ளித்தானே நிக்கிறீங்க? நான் என்ன தபால்காரியா?"

இதற்குள் குட்டை குழம்ப ஆரம்பித்துவிட்டது. கரண்ட் சமாசாரம் தெரிந்தவர் ஒருவர் எழுந்து நிற்கிறார் என்றதும் ஜனங்களுக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்துவிட்டது. பதினாலாம் வரிசையில் ஒருவர் பெல்ட்டைக் கழற்றினார். "பெரியவருக்குத் தெரியுதுல்ல, பார்க்க விடுங்களேன்!" எட்டாம் வரிசையில் ஒரு தம்பி செல்போன் விளக்கைப் பிடித்தபடி உதவிக்கு வந்தான். இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். அதில் ஒருவர் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவராம்; அவரும் சட்டைக் கையைச் சுருட்டினார். விமானத்தின் மூக்கு மெல்லத் தாழ்ந்தது. இறங்க ஆரம்பித்தாயிற்று. நடைபாதையில் ஏழு பேர் நின்றார்கள்.

இறங்கும்போது எழுந்து நிற்பவர் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று அண்ணனுக்குப் பயிற்சி உண்டு. வருடா வருடம் பொம்மை விமானத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திப் பழகியிருக்கிறார். அந்தப் பொம்மை விமானத்தில் யாரும் அவருடைய மாமனாராக இருந்ததில்லை. இந்த மனிதரைப் பத்துப் பேர் முன்னால் அதட்டி உட்கார வைத்தால் ராத்திரி வீட்டில் மகள் விஷயம் முடிந்தது. அதட்டாவிட்டால் இந்த ஏழு பேரும் கேப்டனம்மா சொன்னபடி கதவில் போய் விழுவார்கள். முதல் ஆளாக விழப்போவது எழுபத்தொரு வயது எலும்பு.

மெகாஃபோனைத் தரையில் வைத்தார். டீச்சரைப் பார்க்கவில்லை. மாமனாரின் கண்ணைப் பார்த்தார்.

"மாமா."

சொன்னவருக்கே அந்த வார்த்தை புதிதாக இருந்தது. மாமனார் இடது பக்கம் திரும்பி டீச்சரைத் தேடினார். டீச்சர் ஒரு பரிட்சைத் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து மறைந்துகொண்டார்.

"யார்கிட்ட பேசுறீங்க மாப்ளே?"

"உங்ககிட்டத்தான் மாமா. நீங்க உக்காரணும். இப்பவே."

"நான் எதுக்குச் சொல்றேன்னா..."

"லைன் க்ளியர் கேப்டனம்மா கையில இருக்கு மாமா."

சட்டைப் பைக்குப் போன மாமனாரின் கை பாதியில் நின்றது.

லைன் க்ளியர் என்றால் அந்த வீட்டில் வேத வாக்கு. கம்பத்தில் ஏறப்போகிறவன், இந்த லைனில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று எழுதி வாங்குகிற சீட்டு அது. சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவன் சொல்வதுதான் சட்டம். அவன் வேலையை முடித்துச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கிற வரை வேறொருவன் சுவிட்சைத் தொட்டால், மேலே இருப்பவன் கரிக்கட்டை. இதை மாமனார் சாப்பாட்டு மேசையில் பேத்திக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். எதிரே அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டு, பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"ரெண்டு பேர் உள்ள லைன்ல கை வச்சுட்டு இருக்காங்க மாமா. வாங்கினவங்க திருப்பிக் குடுக்காம, கீழ இருக்கிறவன் கை வைக்கலாமா?"

மாமனாரின் குரல் இறங்கியது. "எழுதி வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு. இறங்கித் தரையில நின்னப்புறம்தான் திருப்பிக் குடுப்பாங்க. அதுவரைக்கும்..."

"அதுவரைக்கும் சீஃப் இன்ஜினியரே வந்தாலும் தொடக் கூடாது," என்று மாமனார் தன்னை அறியாமல் முடித்தார். பிறகு மாப்பிள்ளையை ஒரு மாதிரி பார்த்தார். "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்தொரு வருஷமா நீங்க சொல்லிட்டுத்தானே இருக்கீங்க? நான் எதிர்லதானே உக்காந்திருக்கேன்."

மாமனார் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. கழுத்தைத் திருப்பி, கம்பத்தின் அடியிலிருந்து உச்சிக்குக் கேட்கிற பழைய குரலில் ஒரு சத்தம் போட்டார். "ஏய், எல்லாரும் உக்காருங்கப்பா! லைன்ல ஆள் இருக்கு! யாரும் எதையும் தொடக் கூடாது!"

மெகாஃபோன் தோற்றது. ஆறு பேரும் அப்படியே மடங்கி உட்கார்ந்தார்கள். வாஷிங் மெஷின்காரர் தன்னுடைய இருக்கைக்குப் போகக்கூட நேரமில்லாமல் காலியாக இருந்த இன்னொன்றில் விழுந்து பெல்ட்டைப் பூட்டினார். மாமனாருக்குப் பெல்ட் கொக்கியில் விரல் தடுமாறியது. அண்ணன் குனிந்து அதை மாட்டி, இழுத்து இறுக்கினார். அத்தனை கிட்டத்தில் அவர்கள் முகங்கள் அதற்கு முன் வந்ததே இல்லை.

"ரொம்ப இறுக்காதீங்க மாப்ளே, மூச்சு முட்டுது."

"சாரி மாமா."

"நாப்பத்தி ரெண்டு," என்றார் மாமனார்.

அண்ணன் தன் மடக்கு நாற்காலிக்கு ஓடிப் பெல்ட் போட்டுக்கொண்டதும் தரை வந்தது. விமானம் தடாலென்று இறங்கி, ஒரு பக்கமாக இழுத்து, ரொம்ப தூரம் ஓடி நின்றது. டீச்சரின் பரிட்சைத் தாள்கள் மட்டும் பறந்து முன்வரிசை வரை போயின. தீயணைப்பு வண்டிகள் சூழ்ந்து நின்று, வேலை ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தன. படிக்கட்டு வந்தது. ஜனங்கள் இறங்கினார்கள். இறங்கும்போது ஒருவன் தன் டீ ஆறிப்போனதற்கு அண்ணனிடம் புகார் சொல்லிவிட்டுப் போனான்.

கடைசி ஆள் இறங்கிய பிறகும் பணியாளர்களுக்கு வேலை இருந்தது. கழிவறை, இருக்கைக்கு அடி, மேல்பெட்டி எல்லாம் பார்த்து, ஆள் இல்லை என்று ஒப்பித்து, கேப்டனம்மாவிடம் சொல்லவேண்டும். அரைமணி ஆயிற்று. சுடுதண்ணி அண்ணன் கையில் ஒரு டம்ளர் ஆறிய வெந்நீரைக் கொடுத்தாள். அவர் கதவோரம் வந்து வெளியே பார்த்தார்.

படிக்கட்டின் அடியில், சுடுகிற தரையில், வெயிலில், மாமனார் நின்றுகொண்டிருந்தார். பயணிகள் பஸ்கள் போய்விட்டன. விமான நிலைய ஊழியர் ஒருவர் அவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, இங்க நிக்கக் கூடாது. வந்து வண்டில ஏறுங்க."

"மேலே ஆள் இருக்கு," என்றார் மாமனார், அவ்வளவுதான் அதற்கு விளக்கம் என்பதுபோல்.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கதையும் அவர் சாப்பாட்டு மேசையில் கேட்டதுதான். மேலே ஏறியவன் இறங்குகிற வரை கீழே நிற்பவன் இடத்தை விட்டு நகரமாட்டான். மழை பெய்தாலும், சாப்பாட்டு நேரம் ஆனாலும். அண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். மாமனார் அவர் கடைசிப் படியை விட்டுத் தரையில் கால் வைக்கும் வரை பார்த்திருந்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"பயமா இருந்துச்சா மாப்ளே?"

"இருந்துச்சு மாமா."

"கரண்டுக்கா?"

"உங்களுக்கு."

மாமனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் அண்ணனின் போன் அடித்தது. மனைவி. செய்தி அதற்குள் அவளுக்கு எட்டியிருந்தது. அழுது முடித்து, திட்டி முடித்து, "அப்பாகிட்ட குடுங்க" என்றாள். அண்ணன் கொடுத்தார். பின்னால் மகளின் குரலும் கேட்டது. அவளும் காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"நல்லா இருக்கேம்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். பாப்பா விஷயமா? இரு."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே மாமனார் திரும்பினார். "நான் பார்த்தாச்சு. என் பக்கத்துல ஆட்சேபணை இல்ல. ஆனா பெத்தவர் நீங்க. நீங்க என்ன சொல்றீங்க மாப்ளே?"

இருபது வருடத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி அவரிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி. நாலு நாளாகத் தொண்டையைச் செருமிச் சொல்லக் காத்திருந்த பதில் இப்போது நாக்கின் நுனியில் இருக்கவேண்டும். அது இல்லை. சரி என்று சொல்லத்தான் இத்தனை நாள் துடித்தார். இப்போது விளக்கு அணைந்த அந்த அமைதியில், அந்த நடைபாதையில், அவருடைய பெண் நிற்பதை நினைத்துப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நிம்மதி. ஒரு வார்த்தை போதும். மாமனார் அவசரப்படுத்தவில்லை.

"போகட்டும் மாமா," என்றார் அண்ணன் கடைசியில். "கீழே நிக்கிறதுக்கு நாம ரெண்டு பேர் இருக்கோம்ல?"

மாமனார் தலையை ஆட்டினார். வெறும் சட்டைப் பையை ஒரு தரம் தட்டிக்கொண்டார். போனுக்குள்ளிருந்து, இருபத்தொரு வருடம் நடுவில் நின்று கழுத்து வலித்தவளின் குரல், சந்தேகமாக வந்தது.

"அப்பா, அங்க யாரோட பேசிட்டு இருக்கீங்க?"